112-க்கும் 114-க்கும் நடுவே ஒரு ஒயர்

1

இது கதையாக வேண்டியதே இல்லை. ஒரு பக்கத் தாள், பத்து விதி, கீழே 'இப்படிக்கு, வியாபாரிகள் நலச் சங்கம்' என்று போட்டு முடித்திருக்க வேண்டிய நோட்டீஸ். தென்காசியில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாக வாசகம் எழுதித் தருகிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கொடைவிழா, கடை திறப்பு எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். நடுவில் இரண்டு கதைத் தொகுப்பும் போட்டிருக்கிறேன். அவற்றை வாங்கியவர்களைவிட என் கண்ணீர் அஞ்சலிகளைப் படித்து அழுதவர்கள் அதிகம்.

ஆகஸ்ட் கடைசி. சாரல் இன்னும் விடவில்லை. சங்கச் செயலாளர் மன்சூர் குடையை மடக்கிக்கொண்டு அச்சகத்துக்குள் வந்தார். கடையநல்லூர்க்காரர், தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்து நம்ம ஆளுக நாலஞ்சு பேரு சீரழிஞ்சு போயிட்டாங்க. என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு பத்து பாயிண்ட் எழுதித் தாங்க. சின்னக் கடைக்காரனுக்கும் புரியணும்."

"எனக்கே புரியாதே பாய்."

"இசக்கிச்செல்விகிட்ட கேட்டுக்கிடுங்க. விஷயத்தை அவ சொல்லுவா. தமிழை நீங்க பாத்துக்கிடுங்க."

இசக்கிச்செல்வி செங்கோட்டை ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறாள். முப்பத்துநாலு வயது, சொந்த ஊர் ராயகிரி. அப்பா நெல் விதைத்தவர், அண்ணன் போலீசில் இருக்கிறான். அவள் இந்தப் பக்கத்துக் கடைகள், லாட்ஜுகள், ரைஸ் மில்கள் எல்லாவற்றின் கம்ப்யூட்டருக்கும் வைத்தியம் பார்க்கிறாள். பதினைந்து நிமிடத்தில் பத்து விதியையும் சொல்லி முடித்தாள். மூன்றை எழுதினேன். நான்காவதில் பேனா நின்றது.

விதி 4: தெரிந்தவரிடமிருந்து வந்ததே ஆனாலும் நம்பித் திறக்காதீர்கள்.

"இதைக் கொஞ்சம் இதமா எழுதலாமா?" என்று கேட்டேன்.

"இதமா எழுதினா ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றாள். பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, ஜூலையில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் நடந்ததைச் சொன்னாள். நோட்டீஸ் அங்கேயே படுத்துவிட்டது.

இதைக் கதையாக எழுத ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு பிரதியையும் அவள் படிப்பாள், ஓரத்தில் எழுதுவாள், அதை நான் அழிக்கக் கூடாது. பகர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் கை.

2

தொடக்கம் எழுதுவது எனக்கு எப்போதும் தகராறு.

முதல் தொடக்கம்: 'குற்றாலத்து மலைமேல் கருமேகம் கவிந்திருந்தது. அதைவிடக் கரிய ஒன்று ஒயர் வழியாக'

[இசக்கிச்செல்வி: இதுக்கு மேல எழுதலல்ல? நல்ல வேள.]

இரண்டாவது தொடக்கத்தில் ஆயுத பூஜை வந்தது. மானிட்டருக்குச் சந்தனம், சிபியூவுக்குக் குங்குமம், வாசலில் நசுக்கிய எலுமிச்சம்பழம், இத்தனை இருந்தும் வைரஸ் வந்தது என்று ஒரு நக்கல். யாரும் எழுதக்கூடியது. நானும் எழுதி, நானே சிரித்து, மறுநாள் காலையில் படித்து வெட்கப்பட்டேன்.

[எங்க கடையிலயும் பொட்டு வைப்போம். அதுல என்ன சிரிப்பு?]

ஒன்றுமில்லை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: 'சங்கரம்மாளும் குற்றாலிங்கமும் கூடப் பிறந்தவர்கள். நாலு வருடமாகப் பேச்சு கிடையாது.'

இது நிற்கட்டும்.

3

ஐந்தருவி போகும் வழியில் அவர்கள் அப்பா கட்டிய லாட்ஜ் அது. நீளமான ஒரே வராந்தா, இரண்டு பக்கமும் அறைகள். 101-இல் தொடங்கி 124-இல் முடியும். ஆனால் அறைகள் மொத்தம் இருபத்துமூன்றுதான். நம் ஊர் லாட்ஜுகள் பலவற்றில் இருக்கும் வழக்கப்படி அந்த மனிதரும் பதின்மூன்றைத் தாண்டிவிட்டார். 112-க்கு அடுத்த கதவில் 114 என்று எழுதியிருக்கும்.

அப்பா போன பிறகு சங்கரம்மாள் தன் பங்கைக் கேட்டாள். சட்டப்படி கேட்டாள். தம்பி சட்டப்படி கொடுத்தான். அன்றோடு பேச்சு நின்றது. வராந்தாவின் குறுக்கே சுவர் எழுந்தது. இந்தப் பக்கம் அக்காவுக்குப் பன்னிரண்டு அறை, அந்தப் பக்கம் தம்பிக்குப் பதினொன்று, கூடவே கார் நிறுத்தும் இடம். இரண்டு போர்டு, இரண்டு ரிசப்ஷன். சுவர் எழுந்த இடம் சரியாக 112-க்கும் 114-க்கும் நடுவில்.

(இதை நான் இட்டுக்கட்டியதாக நீங்கள் நினைக்கலாம். இதிலே சில இடங்கள் இட்டுக்கட்டியவைதான். எவை என்று சொல்ல மாட்டேன். அப்புறம், இருவரையும் 'அவள்', 'அவன்' என்று எழுதுவது கதை என்பதால்தான். நேரில் பார்த்தால் குற்றாலிங்கத்தை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.)

சுவர் வைத்த கொத்தனார், இன்டர்நெட் ஒயர் போகும் இடத்தில் ஒரு துவாரம் விட்டுப் பூசினார். ஒயரை அறுக்கும்படி யாரும் சொல்லவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்றாராம். அந்த ஒயர் பிழைத்ததற்கு வேறு காரணமும் உண்டு. சீசனில் சனி, ஞாயிறு வந்தால் ஒரு பக்கம் நிரம்பி வழியும், இன்னொரு பக்கம் இரண்டு அறை காலியாக இருக்கும். தலையில் எண்ணெயோடும் கையில் குழந்தையோடும் வந்து நிற்கும் குடும்பத்தைத் திருப்பி அனுப்பினால் அது வேறு எவனுடைய லாட்ஜுக்கோ போகும். அதைவிடச் சுவருக்கு அந்தப் பக்கமே போகட்டும் என்று இருவருமே நினைத்தார்கள். பேசாமலே நினைத்தார்கள். ஆகவே எந்த அறை காலி, எந்த அறையில் ஆள் என்ற பட்டியல் மட்டும் இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொதுவாக இருந்தது. யாரோ ஒரு மெக்கானிக் அதைப் பாஸ்வேர்டு கூட இல்லாமல், யார் வேண்டுமானாலும் திறந்து எழுதலாம் என்ற நிலையில் போட்டுக் கொடுத்திருந்தான்.

[யாரோ இல்ல. நான்தான் போட்டுக் குடுத்தேன்.]

இதைப் படித்ததும் அவளுக்குப் போன் செய்தேன்.

"நீயா? எனக்கு நோட்டீசுல மூணாவது பாயிண்டே பாஸ்வேர்டுதானே சொன்ன?"

"சங்கரம்மாக்காதான் வேண்டாம்னாங்க. 'ஏற்கனவே ஒரு சுவரு இருக்குட்டி, நீ வேற இன்னொன்ன வைக்காத'ன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. விட்டுட்டேன்." பிறகு அவளே சொன்னாள்: "அதை எழுதிருங்க அண்ணாச்சி. ஒளிக்க வேண்டாம்."

இந்தக் கதையில் நல்ல மெக்கானிக்காக அவளையும், மோசமான மெக்கானிக்காக வேறு ஒருவனையும் வைத்து ஓட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். இருந்தது ஒரே மெக்கானிக். அவள் செய்த தப்பும் இரக்கத்தால் செய்தது. இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு கதையில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

4

பட்டியலில் அறை எண், பெயர், வந்த தேதி, போகும் தேதி, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். எண்கள் வரிசையாகத் தானே விழுந்ததால் பட்டியலில் 113-உம் இருந்தது. கட்டடத்தில் இல்லாத அறைக்கு அங்கே ஒரு வரி. யாரும் தங்காத வரி.

முதலில் எழுதியது குற்றாலிங்கம். இரண்டு சீசனுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 113-இன் குறிப்பில்: 'அந்தப் பக்கம் டேங்க் நிரம்பி வழியுது.'

மறுநாள் அதே கட்டத்தில்: 'நிறுத்தியாச்சு.'

அவ்வளவுதான். யாருக்கு யார் எழுதியது என்று இல்லை. அக்கா என்றோ தம்பி என்றோ ஒரு சொல் கிடையாது. அரசாங்கக் கடிதம் தோற்றுப்போகும். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கட்டம் காலியாக இருந்த நாள் குறைவு.

'எலக்ட்ரீசியன் வாரான். ரெண்டு பக்கமும் பாக்கச் சொல்லியிருக்கு.'

'118-ல் வந்த பெரியவருக்கு மூட்டு வலி. 101 காலியாகுது. படி இல்லாத அறை. வேணும்னா அனுப்பவும்.'

'அப்பா திதி வியாழக்கிழமை.' 'தெரியும்.'

'பாப்பா பொறந்திருக்கு.'

இந்தக் கடைசி வரி போன வருடம் வந்தது. குற்றாலிங்கத்தின் குடும்பம் இருப்பது தென்காசியில்; லாட்ஜுக்கு அவன் மட்டும்தான் வந்து போவான். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து முதல் குழந்தை. அதைத் தன் அக்காவிடம் இல்லாத ஓர் அறையின் குறிப்பில் சொன்னான்.

'என்ன பேரு' என்று பதில் வந்தது. 'இன்னும் வைக்கல.' 'அம்மா பேரு இருக்கு.'

நாலு நாள் பதில் இல்லை. அக்கா தினம் நாலு தடவை திறந்து பார்த்தாள். ஐந்தாம் நாள் பட்டியலுக்குப் பக்கத்தில் '113' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் முளைத்திருந்தது. உள்ளே ஒரே ஒரு போட்டோ. துணியில் சுற்றிய குழந்தை, கண் திறக்கவில்லை. போட்டோவுக்குப் பெயர் கொடுத்திருந்தான்: மாரித்தாய்.

அது அவர்கள் அம்மா பெயர்.

[இதை எங்கிட்ட சொல்லும்போது சங்கரம்மாக்கா அழுதாங்க. நீங்க எழுதல.]

இப்போது எழுதியாகிவிட்டது. நானும் அழுதேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5

விதி நான்குக்கு வருகிறேன்.

ஜூலை மாதச் சனிக்கிழமை. மலையில் ராத்திரி முழுக்க மழை. விடியும்போது மெயினருவியிலும் ஐந்தருவியிலும் வெள்ளம், குளிக்கத் தடை. குளிக்கத் தடை என்றால் லாட்ஜ்காரனுக்கு என்ன ஆகும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அறை போட்டவர்கள் ரத்து செய்வார்கள், வந்து இறங்கியவர்கள் சண்டை போடுவார்கள். குற்றாலிங்கம் ஒரு காதில் போனும் ஒரு கையில் மவுசுமாக இருந்தான். 'முன்பதிவு ரத்து' என்று ஈமெயிலில் ஒன்று வந்தது. கூட ஒரு இணைப்பு. அன்று காலையில் அவனுக்கு வந்த பதினேழாவது ரத்து அது. திறந்தான். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த போனை எடுத்தான்.

வைரசுகளில் ஒரு சாதி உண்டாம். பொது ஃபோல்டருக்குள் புகுந்து, அங்கே ஏற்கனவே இருப்பவற்றின் பெயரிலேயே தன்னை நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அங்கே இருந்தவை இரண்டு. ஒன்று பட்டியல். இன்னொன்று 113.

சுவருக்கு இந்தப் பக்கம் சங்கரம்மாள் திறந்து பார்க்கிறாள். புதிதாக இன்னொரு 113. கிட்டத்தட்ட ஒரு வருடமாக ஒரே போட்டோ இருந்த இடத்தில் இன்னொன்று. குழந்தைக்கு ஒரு வயது ஆகப்போகிறது. நடக்கிறதோ என்னவோ. அழுத்தினாள்.

அப்போது கம்ப்யூட்டர் தடுத்தது. இசக்கிச்செல்வி போட்டு வைத்திருந்த காவல் புரோகிராம் அதன் வேலையைச் சரியாகச் செய்தது. திரையில் மஞ்சள் கட்டம். 'இது குற்றாலிங்கம் என்பவரிடமிருந்து வந்துள்ளது. இவரை நம்புகிறீர்களா?'

[இப்படி அழகாலாம் கேக்காது. வந்த கம்ப்யூட்டர் பேரைக் காட்டி, ஆபத்தா இருக்கலாம், அப்படியும் திறக்கவான்னு இங்கிலீஷ்ல கேக்கும்.]

சரி. கம்ப்யூட்டரின் பெயராக அவன் தன் பெயரையே வைத்திருந்தான். பத்தாம் வகுப்பு வரை படித்த சங்கரம்மாள் அந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு என்ன நினைத்தாள் என்பதை அவள் இசக்கிச்செல்வியிடம் சொன்னபடியே தருகிறேன்.

"என் தம்பி பேரைப் போட்டு, இவன் ஆபத்து, நம்பாதன்னு சொல்லுது. அதைச் சொல்ல அது யாரு? நானும் அவனும் என்ன வேணும்னாலும் பேசாம இருப்போம். மூணாம் ஆளு சொல்லுததைக் கேட்டுக்கிட்டு இருப்பனா?"

ஆம் என்பதை அழுத்தினாள்.

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் தப்பான இடத்தில் ஆம் என்று அழுத்தியிருப்பார்கள். அவசரத்தில், ஆசையில், தூக்கத்தில். ஆனால் இந்த ஆம் வேறு. நாலு வருடத்தில் அந்த வீட்டில் ஒருவர் இன்னொருவர் பக்கம் நின்று பேசியது அது ஒன்றுதான். அதைத்தான் நான் 'தவறு' என்று விதி நான்கில் எழுத வேண்டியிருந்தது.

6

ஐந்து நிமிடத்தில் பட்டியல் திறக்கவில்லை. போட்டோ திறக்கவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு மிரட்டல்: எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் திறப்போம்.

சங்கரம்மாள் இசக்கிச்செல்விக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பதறாதிய. சுவிட்சை அணைக்க வேண்டாம். முதல்ல அந்த ஒயரைப் புடுங்குங்க. இன்னா வாரேன்."

(இது விதி ஐந்து. கெட்டது பரவாமல் இருக்க, முதலில் கம்ப்யூட்டர்களைப் பிரித்துவிட வேண்டும்.)

சங்கரம்மாள் எழுந்து போய் ஒயரைப் பிடித்து இழுத்தாள். எந்த முனையை உருவ வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இழுத்த வேகத்தில் சுவரின் துவாரம் வழியாக முழு ஒயரும் வந்துவிட்டது. அந்தப் பக்கம், தன் சிவப்புத் திரையை அப்போதுதான் பார்த்துத் திகைத்து நின்ற குற்றாலிங்கத்தின் கண் முன்னால் ஒயர் சுவருக்குள் போய் மறைந்தது.

அவன் வாசல் வழியாக இறங்கி, ரோட்டில் சுற்றி, அக்காவின் ரிசப்ஷனில் ஏறினான். நாலு வருடத்தில் முதல் தடவை.

"ஒயரை எதுக்கு உருவுன?"

"நீ அனுப்புனதைத் தொறந்தேன். எல்லாம் போச்சு" என்றாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.

"நான் ஒண்ணும் அனுப்பல."

"உன் பேரு போட்டிருந்துச்சுலே."

"பேரு போட்டிருந்தா? என்னடா இதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"எந்த வாயால கேக்கச் சொல்லுத?"

அருவியில் குளிக்க முடியாமல் வராந்தாவில் துண்டோடு நின்ற விருந்தாளிகள் இதை வேடிக்கை பார்த்தார்கள். விருந்தாளிகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் கடற்கரை என்பவர், ஒருவர் முதுகில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார். இசக்கிச்செல்வி நனைந்த ஸ்கூட்டியோடு வந்து சேரும்போது இருவரும் அப்பாவின் கடைசி நாள், ஆஸ்பத்திரி, யார் வந்தது, யார் வரவில்லை என்பது வரை போயிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். "அதையெல்லாம் பொறவு பேசிக்கிடலாம். இனி நேரம் இருக்குல்லா."

[இப்படி நான் சொல்லல.]

நீ சொல்லவில்லை. நான் சேர்த்தேன். பிடித்திருந்தால் வைத்துக்கொள்.

[சரி இருக்கட்டும்.]

7

இங்கே ஒரு சோதனை வந்தது, எனக்கு. அவள் இரவு பகலாக உட்கார்ந்து, பூட்டை உடைத்து, போட்டோவை மீட்டாள் என்று எழுத ஆசைப்பட்டேன். அரைப் பக்கம் எழுதியும்விட்டேன். அதன் ஓரத்தில் இப்படி இருக்கிறது:

[பொய். மீக்க முடியல. இதை நம்பி எவனாவது காப்பி எடுக்காம இருந்தா அந்தப் பாவம் உங்களுக்கு.]

மீட்க முடியவில்லை. காப்பி இல்லையா என்று அன்று கேட்டபோது இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறதே, அதுதான் காப்பி என்று. ஒரே ஒயரில் இருந்த இரண்டும் ஒரே நேரத்தில் போயின. போட்டோவைக் குற்றாலிங்கம் தன் மனைவியின் போனில் தேடினான். அந்தப் போன் மாறி ஆறு மாதமாகிவிட்டது. குழந்தையின் வேறு படங்கள் நூறு இருந்தன, கண் திறக்காத அந்த முதல் நாள் படம் மட்டும் இல்லை.

"கட்டித் தொலைச்சிருதேன்" என்றான் அவன், திரையைப் பார்த்து.

"கட்டினாலும் குடுப்பான்னு என்ன உறுதி அண்ணாச்சி? சைபர் போலீஸ் நம்பர் 1930-க்குப் போன் போட்டுப் புகார் குடுங்க. நான் ரெண்டு மிஷினையும் சுத்தமா துடைச்சு, புதுசா ஏத்தித் தாரேன்."

அப்போதுதான் கடற்கரை கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். காலைதோறும் அறைகளைக் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்காகப் பட்டியலை அச்செடுத்து ஒட்டுவது அந்த லாட்ஜின் வழக்கம். கரன்ட் போனாலும் தாள் இருக்கும். முந்தின நாள் தாளை அவர் எடுத்து எண்ணெய்ப் புட்டிகளுக்கு அடியில் விரிப்பார். பெட்டியில் கிடந்த மூன்று தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எண்ணெய் ஊறி, பின்னால் பிடித்த விரல் தெரிந்தது. ஆனால் எழுத்து இருந்தது. 113-இன் குறிப்பும் இருந்தது.

சங்கரம்மாள் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இதை நீரு வாசிப்பேரா?"

"ரெண்டு வருசமா எல்லாரும் வாசிக்கோம் தாயி. ஒரு நாளு 113 காலியா இருந்தா சமையக்கட்டுல ஒருத்தருக்கும் மனசு சரியா இருக்காது."

தங்கள் ரகசியம் தினமும் காலையில் சுவரில் ஒட்டப்பட்டு வந்தது அக்காவுக்கும் தம்பிக்கும் அன்றுதான் தெரிந்தது. முதலில் சிரித்தது குற்றாலிங்கம். அவனைப் பார்த்து இவளும். சத்தமாக இல்லை, கொஞ்சம்தான்.

8

சிரிப்போடு முடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ லாபம். ஆனால் இசக்கிச்செல்வி கதையை விடவில்லை.

இரண்டு கம்ப்யூட்டரையும் சரிசெய்த பிறகு சொன்னாள். "இனி அந்த ஒயரு கெடையாது. ரெண்டு பேருக்கும் தனித்தனி லைன், தனித்தனி பாஸ்வேர்டு. இங்கன வந்தது அங்கன போவக் கூடாது. காலியா இருக்கான்னு கேக்கணும்னா ரிசப்ஷன் ஆளுக போன்ல கேட்டுக்கிடட்டும்."

சங்கரம்மாள் துவாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப நடுவுல ஒண்ணுமே இருக்காதா?"

 சண்டை போட வந்த குற்றாலிங்கம், சண்டை முடிந்துவிட்டதால் எப்படி நிற்பது என்று தெரியாமல் நின்றான். அடுத்த நிமிடம் ரோட்டில் இறங்கி அந்தப் பக்கம் போய்விடுவான். போனால் எந்தக் காரணத்தைச் சொல்லி மறுபடி வருவான்? இந்தக் கதையில் எனக்குப் பயமாக இருந்த இடம் இதுதான். வைரசைவிட.

இந்த இடத்தில் அவள் என்ன யோசித்தாள் என்று பலமுறை கேட்டேன். "ஒண்ணும் யோசிக்கல, இது சாதாரண முறைதான்" என்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. முன்னொரு தடவை இரக்கப்பட்டுப் பாஸ்வேர்டை விட்டவள் அவள். இந்தத் தடவை பாஸ்வேர்டையும் விடவில்லை, இரக்கத்தையும் விடவில்லை.

இரண்டு சின்ன ஹார்டு டிஸ்க்குகளை மேசையில் வைத்தாள்.

"வாரத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் இதுல காப்பி எடுக்கணும். எடுத்ததும் கழட்டிரணும். அதே எடத்துல வைக்கக் கூடாது. தண்ணி புகுந்தாலும் தீப்பிடிச்சாலும் ஒண்ணு தப்பிக்கணும்லா. அக்கா, உங்க டிஸ்க்கு தென்காசியில உங்க தம்பி வீட்டு பீரோவுல இருக்கட்டும். அண்ணாச்சி, உங்க டிஸ்க்கை அக்கா அவங்க வீட்டுல வச்சுக்கிடட்டும். திங்கக்கிழமை கூட்டம் வடிஞ்ச பொறவு மாத்திக்கிடுங்க. நேர்ல. வேற ஆளுகிட்ட குடுத்து விடக் கூடாது."

"அவ டிஸ்க்கை நான் எதுக்கு வச்சுக்கிடணும்?" என்றான்.

"வேற யாரு வீட்டுல வைக்கச் சொல்லுதிய?"

அவன் மேசையிலிருந்த ஒரு டிஸ்க்கைத் தன் பக்கம் இழுத்தான்.

"ரெண்டுலயும் பாஸ்வேர்டு இருக்கும். ஒருத்தருதை ஒருத்தரு தொறக்க முடியாது" என்றாள், அக்காவைப் பார்த்துக் கொஞ்சம் தயக்கத்தோடு.

சங்கரம்மாள் டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இருக்கட்டும்ட்டி. பூட்டுன பெட்டியத்தான நம்புன ஆளு வீட்டுல குடுத்து வைப்போம்."

9

முடிவுகள்.

அ. குற்றாலிங்கம் இரண்டு திங்கள் வருகிறான், மூன்றாவது திங்கள் டிஸ்க்கைக் கடற்கரையிடம் கொடுத்து விடுகிறான். பிறகு அதுவும் நிற்கிறது. நடக்கக்கூடியது. பாதிக் கதைகளை இப்படித்தான் முடிப்போம், கனமாக இருக்கும் என்று.

ஆ. சுவரை இடிக்கிறார்கள். குழந்தை மாரித்தாய் வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தத்தித் தத்தி நடக்கிறாள்.

[அந்தச் சுவருல இப்ப ரெண்டு பக்கமும் மீட்டர் போர்டு மாட்டியிருக்கு. இடிக்க முடியாது.]

இ. நடந்தது. முதல் திங்கள் வந்தான். டிஸ்க்கைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டினான், அவளுடையதை வாங்கினான், போனான். பேசவில்லை. அடுத்த திங்களும் அப்படியே. அதற்கடுத்ததில் "லைன் ஒழுங்கா வருதா?" என்று கேட்டானாம். "வருது" என்றாளாம். ஒரு திங்கள்கூட விட்டுப்போகவில்லை என்கிறாள் இசக்கிச்செல்வி. மாதத்துக்கு ஒரு தடவை அவள் போய் இரண்டு டிஸ்க்கும் உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்க்கிறாள். திறந்து பார்க்காத காப்பி காப்பியே இல்லை. அது விதி ஏழு.

இதற்கிடையில் மன்சூர் மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார். நேற்று உட்கார்ந்து நோட்டீசை முடித்தேன். விதி நான்கு இப்போது இப்படி இருக்கிறது:

4. தெரிந்தவர் பெயரில் எது வந்தாலும், திறக்கும் முன் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்.

குற்றாலிங்கம் கோபத்தில் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். இசக்கிச்செல்வி படித்தாள். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. "சரியா இருக்கு" என்று வாயால் சொன்னாள். நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது.

10

கதை போகவில்லை. போன திங்கட்கிழமை நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது.

அன்று டிஸ்க்குகளைச் சோதிக்கும் நாள், அதனால் இசக்கிச்செல்வி சங்கரம்மாளின் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தாள். நல்ல சாரல். குற்றாலிங்கம் வந்தான். இந்தத் தடவை டிஸ்க்கை முதலில் ஒரு தாளில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தான். சங்கரம்மாள் உறையைப் பிரித்து, தாளைக் கசக்கிப் போடப் போனவள் நிறுத்தினாள். அது அவனுடைய அன்றைய அறைப் பட்டியல். அவன் பக்கத்து எண்கள் 114-இல்தான் தொடங்க வேண்டும். அதற்கு மேலே பேனாவால் ஒரு கோடு கிழித்து, 113 என்று எழுதி, குறிப்புக் கட்டத்தில் ஏதோ எழுதியிருந்தான்.

வழக்கமாக டிஸ்க்கைக் கொடுத்ததும் திரும்பிவிடுகிறவன் அன்று திரும்பவில்லை. படியிலேயே நின்றான்.

அந்தக் கட்டத்தில் என்ன இருந்தது என்று இசக்கிச்செல்வியிடம் கேட்டேன்.

[அது அவங்க அறை. நான் எட்டிப் பாக்கல. நீங்களும் பாக்கக் கூடாது.]

நான் பார்க்கவில்லை. இட்டுக்கட்டலாம்தான், ஆனால் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கும் இப்படி யாராவது இருப்பார்கள், சுவருக்கு அந்தப் பக்கம். ஆகவே உங்களிடம் தருகிறேன்.

113. குறிப்பு: ............................................

எழுதுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், டேங்க் நிரம்பி வழிகிறது என்று எழுதினாலும் போதும். ஆனால் அவன் இன்னும் படியில் நனைந்துகொண்டு நிற்கிறான். ரொம்ப நேரம் நிற்க வைக்காதீர்கள்.